நாத்தனார் போட்ட மூன்று முடிச்சு

இலங்கை மலைநாட்டில், புசல்லாவைப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில் வேலாயியைப் பிடித்தவர்கள் மிகக் குறைவு. வாய் நீளம் என்றார்கள், கங்காணிமாரை மதிக்கமாட்டாள் என்றார்கள். அவளைப் பற்றி யாராவது முறையிட வந்தால் புருஷன் அழகமுத்துவே, "அதை அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். அவள் அப்படி ஆனதற்குக் காரணம் அவளுடைய கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வரவில்லை.

கண்டிக்கு இன்னும் ரயில் வராத காலம் அது. வேலாயி பிறந்தது திருமயத்துக்குத் தெற்கே ஒரு வறண்ட ஊரில். அத்தை மகன் அழகமுத்து பத்தொன்பது வயதில் கோப்பித் தோட்டத்துக்குப் போனவன், ஆறு வருடமாகத் திரும்பவில்லை. பழம் பறிக்கிற காலத்தில் துரை விடமாட்டார், பறிப்பு முடிந்தால் செடி வெட்டும் கவ்வாத்து வந்துவிடும். ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது வேலை இருக்குமோ இருக்காதோ. அதனால் தன் தலைப்பாகையையும் ஒரு கூறைச் சேலையையும் பெரியதம்பி கங்காணியிடம் கொடுத்தனுப்பினான். பெரியதம்பி பக்கத்து ஊர்க்காரர். பன்விலத் தோட்டமொன்றுக்கு ஆள் சேர்ப்பவர்.

பெரியதம்பிதான் மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதராக நின்றார். தலைப்பாகையை மணையில் வைத்தவரும் அவர்தான். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது அவர்கள் வழக்கம். அன்று மூன்றையும் அழகமுத்துவின் தங்கை பரிமளமே போட்டாள். ஊர் அட்சதை போட்டது. "உன் புருஷன்கிட்ட நானே கொண்டுபோய் விட்டுர்றேன்மா" என்றார் பெரியதம்பி. இருபது வயது வேலாயி அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். பிற்காலத்தில் அவள் எதையாவது நினைத்து வெட்கப்பட்டாள் என்றால், அந்தக் கும்பிடு ஒன்றைத்தான்.

ஐம்பது பேர் பாம்பனில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்தார்கள். மூன்று பேர் பேதியில் செத்தார்கள். புதைத்துவிட்டு நடந்தார்கள். கூட்டத்தில் பெண்கள் ஏழு பேர். அவர்களில் ஒருத்தி அங்கம்மா, பெரியதம்பியின் அக்கா. அவளோடு வந்த மகன் கணபதிக்கு முப்பது வயது, பெண் அமையவில்லை. தோட்டங்களில் பெண்கள் அரிது. ஒரு பெண்ணுக்கு ஆறேழு ஆண்கள் என்ற கணக்கில் இருந்த, கூலியாட்களின் வரிசை வீடுகளான லயங்களில், துணையில்லாமல் வந்த பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்று கங்காணியே தீர்மானிப்பார்.

வேலாயியும் துணையில்லாமல் வருகிறவள்தான், கணபதிக்கு ஆவாள் என்பது பெரியதம்பிக்கு நடக்க நடக்கத்தான் உறைத்திருக்க வேண்டும். முதலில், கணபதிக்கும் சேர்த்துச் சோறு பொங்கச் சொன்னார்.

"எம் புருஷனுக்கே நா இன்னும் சோறாக்கிப் போடல. இவருக்கு எதுக்கு ஆக்கணும்?" என்றாள் வேலாயி.

"புருஷனாம் புருஷன்!" என்று அங்கம்மா சிரித்தாள். "தலப்பாக்கட்டுக்கு வாக்கப்பட்டவளுக்கு வாயப் பாரு!"

தம்புள்ளைக்கு இப்பால் ஓர் ஓடைக்கரையில் கணபதி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்தான். ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், விடவில்லை. ஓடைக் கல்லை எடுத்து அடித்தாள். நெற்றி பிளந்து இரத்தம் வழிந்தது. அன்று முதல் அவளுடன் யாரும் பேசவில்லை. அவளுக்கு அரிசி அளக்கும்போது படியைத் தலைதட்டி அளந்தார்கள்.

கண்டி, கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலடியில் அழகமுத்து இரண்டு நாளாகக் காத்திருந்தான். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். வேலாயிக்கு அடையாளம் தெரிந்தது. அவன் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். பெரியதம்பி குறுக்கே கையை நீட்டினார்.

"எங்க வாற? இவ என் ஆளு. பன்விலைக்குப் போறா."

"அண்ணே, நீங்கதானே என் தலப்பாவக் கொண்டுபோய்..."

"தலப்பாவத்தான் கொண்டுபோனேன். தலையக் கொண்டுபோகலையே! தாலி கட்டுனது நீயா? இத்தன பேரு நிக்கிறாங்க. நான்தான் கட்டுனேன்னு சொல்லு பாப்போம்."

அழகமுத்து வாயைத் திறந்தான். வேலாயி அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நா கட்டலதான்" என்றான் அவன், தரையைப் பார்த்து.

கூட்டம் சிரித்தது. கணபதி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அழகமுத்துவின் முகம் வெளிறிவிட்டது. சட்டென்று ஒரு வழி தோன்றியவனாக, "கோயில் இந்தா இருக்கு. ஒரு மஞ்சக் கயிறு வாங்கியாறேன். இப்பவே கட்டிர்றேன், பெறகு யாரு என்ன கேக்கமுடியும்?" என்றான்.

"தாராளமாக் கட்டு" என்றார் பெரியதம்பி. "அப்ப இது நாள் வரைக்கும் அவ கல்யாணமாகாத பொம்பளைன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. என் பேருல கடல் தாண்டி வந்தவ. ஒரு வருசம் என் தோட்டத்துல வேல செய்யட்டும். அதுக்குப் பெறகு வந்து கட்டிக்க."

அழகமுத்து அதைக்கூட யோசிப்பவன்போல நின்றான். வேலாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எந்தக் கயிறும் வேண்டாம்" என்றாள். "இன்னொண்ணு கட்டுனா மொதத் தாலி பொய்யின்னு ஆகும். பொய்த் தாலியோட மன்னாருல இருந்து இத்தன ஆம்பளைகளோட நடந்து வந்தவன்னு ஆகும். அந்தப் பேரு எனக்கு வேண்டாம். எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

சொல்லிவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்தாள். கணபதி கையைப் பிடித்து இழுக்க, அவள் கத்தின கத்தலில் கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். கொழும்புக்குப் போகும் கோப்பி மூட்டை வண்டிகள் அவளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக நின்றன. வண்டிக்காரர்கள் சிங்களத்தில் ஏசினார்கள். பொலிஸ்காரர் வந்தார். தன் தோட்டத்து ஆள் ஓடப் பார்க்கிறாள் என்று கங்காணி முறையிட்டார். என் மனைவியை இவர் பிடித்து வைத்திருக்கிறார் என்று அழகமுத்து முறையிட்டான். பொலிஸ்காரர் எல்லோரையும் நீதவான் கோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் விசாரணை. மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கார நீதவான், பக்கத்தில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர். பெரியதம்பி சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை, தலைப்பாகை எதையும் தான் கொண்டுபோகவில்லை என்று கண் சிமிட்டாமல் சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் அழகமுத்துவிடம் திரும்பினார். "இந்தப் பிள்ளைக்குத் தாலி கட்டினது நீரோ?"

"இல்லீங்க. என் தங்கச்சி."

நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். கோட்டில் இருந்த இரண்டு துரைமார் சிரித்தார்கள். வேலாயிக்கு வார்த்தை புரியவில்லை; சிரிப்பு புரிந்தது.

"ஐயா, அவருகிட்டக் கேளுங்க" என்றாள். "எங்க ஊருல எந்தக் கல்யாணத்துலயும் மூணுல ரெண்டு முடிச்ச நாத்தனாதான் போடுவா. மிச்சம் ஒரே ஒரு முடிச்சு. அதப் போட இவருக்கு லீவு குடுக்காதது யாரு? தொரைதானே? லீவும் குடுக்க மாட்டீங்க, வராமப் பண்ணுன கல்யாணமும் செல்லாதும்பீங்களா?"

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கினார். அவள் சொன்னதில் எவ்வளவு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். கல்யாணத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி உண்டா என்று கேள்வி வந்தது. பரிமளம் கடலுக்கு அப்பால் இருந்தாள். வேலாயி சுற்றிப் பார்த்துவிட்டு அங்கம்மாவைக் கைகாட்டினாள்.

"அந்தா நிக்கிறா பாருங்க. முன்னால ஒக்காந்து பாத்தவ."

பெரியதம்பி சிரித்தார். தன் அக்காவையே சாட்சிக்கு இழுக்கும் முட்டாளை அவர் அதுவரை பார்த்ததில்லை. அங்கம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டில் ஏறினாள். சத்தியம் வாங்கினார்கள்.

"கலியாணம் நடந்ததை நீர் கண்டனீரோ?"

"என்னா கேக்குறாரு?"

"கல்யாணத்தப் பாத்தியான்னு கேக்குறாங்க" என்றான் வாசலில் நின்ற சேவகன்.

அங்கம்மா வேலாயியை முறைத்தாள். "இவ எம் மகன் மண்டைய ஒடச்ச சிறுக்கி. இவ நல்லாருக்க மாட்டா, நாசமாத்தான் போவா."

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லும்."

"அதத்தான் சொல்றேன். இவ நாசமாப் போவட்டும், ஆனா கல்யாணம் நடந்துச்சு. எந் தம்பிதான் தலப்பாவ மணையில வச்சான். பரிமளம் மூணு முடிச்சும் போட்டா. நா அட்சத போட்டேன். அட்சத போட்ட கைய வச்சுக்கிட்டு, நடக்கலன்னு சொன்னா எங் குடும்பம் வெளங்குமா?"

"அக்கா!" என்று பெரியதம்பி கத்தினார்.

"சும்மா இருடா. இவள மருமகளாக்கணும்னு நானா கேட்டேன்? கல்லால அடிக்கிறவள வீட்டுல வச்சுக்கிட்டு நா எப்பிடித் தூங்குறது?"

அவள் இறங்கி வந்து, வேலாயியைத் தாண்டும்போது தரையில் காறித் துப்பிவிட்டுப் போனாள். வேலாயி நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கம்மா அடித்திருப்பாள்.

தீர்ப்பு கால் மணி நேரத்தில் வந்தது. இது கல்யாணமா இல்லையா என்று சொல்வது இந்தக் கோட்டின் வேலையில்லை. மணமகன் இல்லாத கல்யாணத்தை இந்த நாட்டுப் பதிவில் எப்படி எழுதுவது என்று நீதவானுக்கே தெரியவில்லை. ஆனால் இந்தப் பெண் கங்காணியிடம் ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை. அதனால் அவளைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை, அவள் விரும்பிய இடத்துக்குப் போகலாம்.

"அப்ப நா இவரு பொண்டாட்டியா இல்லையா?" என்றாள் வேலாயி.

"பிள்ளை, போகலாம் எண்டு சொல்லியாச்சு. போம்" என்றார் மொழிபெயர்ப்பாளர். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

புசல்லாவைக்கு இரண்டு நாள் நடை. அழகமுத்து முன்னால் நடந்தான், அவள் இருபதடி பின்னால். கம்பளையும் தாண்டிப் போனது.

"கோவமா?" என்றான் அவன் கடைசியில்.

"கோயிலடியில அந்தாளு கேட்டப்ப, 'ஆமா, இவ எம் பொண்டாட்டி'ன்னு ஒரு வார்த்த சொன்னியா நீ? அங்கம்மா சொன்னா. என்னைய நாசமாப் போன்னு சொல்லிக்கிட்டே சொன்னா. ஒனக்கு என்ன கேடு?"

கங்காணிமாருக்கு ஆறு வருடம் பயந்து பழகியவன். அதை அவன் எப்படிச் சொல்வான்?

தோட்டத்தில் பேர் எழுத நின்றபோது, கணக்கப்பிள்ளை ராஜலிங்கம் கண்டிச் செய்தியை ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார்.

"பொண்டாட்டின்னு கோட்டுல எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப நானும் எழுத மாட்டேன். தனிப் பொம்பள."

கீழ் லயத்தில் இரண்டு விதவைகளோடு அவளுக்கு இடம் கொடுத்தார்கள். "ஏட்டுல என்ன இருந்தா என்ன, நீ என் காம்புராவுக்கு வந்துரு" என்று மேல் லயத்தில் இருந்த தன் அறைக்கு அழகமுத்து கூப்பிட்டான்.

"நீ அங்க சொல்லாதத இங்க சொல்லு. எல்லாருக்கும் முன்னால, சத்தமாச் சொல்லு. பெறகு வாறேன்."

நான்கு மாதம் அவன் சொல்லவில்லை. நான்கு மாதமும் அவள் போகவில்லை. கோப்பிப் பழம் சிவந்து, பறிப்புத் தொடங்கிவிட்டது. தனிப் பொம்பளைக்குக் கடைசி நிரைதான் கொடுப்பார்கள். சரிவில் கால் வைக்க இடமில்லாத நிரை. கூடையோடு இரண்டுமுறை விழுந்தாள். குழாயடியில் பெண்கள் அவளைத் 'தலப்பாக்கட்டுப் பொண்டாட்டி' என்று கூப்பிட்டார்கள். ஒருத்தியின் குடத்தை வேலாயி உடைத்தாள். அதன் பிறகு முதுகுக்குப் பின்னால் மட்டும் கூப்பிட்டார்கள்.

மார்கழியில் ஒரு நாள், வேலைக்குப் பேர் வாசிக்கும் காலைப் பெரட்டு. தூறலில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். துரை குதிரையிலிருந்து இறங்கி நின்றார். கணக்கப்பிள்ளை பேர் வாசித்துக்கொண்டு வந்து, "வேலாயி, தனி" என்றார். கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். அழகமுத்து வரிசையை விட்டு வெளியே வந்தான்.

"தொரை, அவ தனி இல்ல. அவ எம் பொண்டாட்டி. ஊருல கல்யாணம் நடந்துச்சு. நா அங்க இல்ல. இல்லாட்டியும் அது என் கல்யாணந்தான்."

துரை என்னவென்று கேட்டார். கணக்கப்பிள்ளை விளக்கினார். துரை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, வரிசையை விட்டு வந்ததற்காக அன்று அவனுக்கு அரை நாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போடச் சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். ஏட்டில் எதுவும் மாறவில்லை.

அன்று மாலை வேலாயி தன் பாயையும் பானையையும் எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்குப் போனாள். "இதுக்கு நாலு மாசம்" என்று மட்டும் சொன்னாள். அழகமுத்து அடுப்பு மூட்டினான்.

அதன் பிறகு சேர்ந்தே வாழ்ந்தார்கள். சுகமாக என்று சொல்ல முடியாது. இரண்டு பெண் பிள்ளைகள் தங்கின, ஓர் ஆண் பிள்ளை பால்குடியிலேயே போய்விட்டது. பதிவு செய்துகொள்ளலாம் என்று அழகமுத்து இரண்டுமுறை சொல்லிப் பார்த்தான். "பதிஞ்சா, இன்னைக்குத்தான் கட்டுனதா எழுதுவான். எம் பிள்ளைக எப்பப் பொறந்ததுன்னு எழுதுவான்?" என்று கேட்டாள். அவன் விட்டுவிட்டான். கணக்கப்பிள்ளையோடு அவள் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் கடைசிவரை அவளைத் 'தனி' என்றே எழுதினார்.

பிறகு கோப்பியில் இலைநோய் வந்தது. இலைகளின் அடியில் மஞ்சள் தூள் படிந்து, மலை மலையாகச் செடிகள் மொட்டையாயின. துரை சீமைக்குப் போய்விட்டார். சம்பளமில்லாமல் ஐந்து மாதம் பொறுத்துவிட்டு, வேலாயியும் அழகமுத்துவும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, தேயிலைக் கன்று நடத் தொடங்கியிருந்த வேறொரு தோட்டத்துக்கு நடந்தார்கள்.

அங்கே கணக்கப்பிள்ளை இளவயதுக்காரர். அழகமுத்துவின் பேரை எழுதினார். "இது யாரு?"

"எம் பொண்டாட்டி."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிவிட்டு, "அடுத்த ஆள்" என்றார்.

வேலாயி நகரவில்லை. அவர் இன்னும் ஏதாவது கேட்பார் என்று நின்றாள். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். லயத்துக்குப் போகும் வழியில் அழகமுத்து சந்தோஷமாக ஏதோ சொல்ல வந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் கிடைக்காத அந்த ஒரு வார்த்தை, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிப்போடுகிற அளவுதானா என்று லயத்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் பசி என்று அழுதபோதுதான் எழுந்து உலை வைத்தாள்.