தாமதமாக வந்த பந்து

முசிறியில் வாழை போட்டிருந்த குடும்பத்துப் பையன் மருதை. திருச்சியில் ஒரு கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்ததே கால்பந்தால்தான். வலது ஓரத்தில் ஓடுகிற ரைட் அவுட். நடுவிலிருந்து பிலோமின்ராஜ் தூக்கி அடிக்கிற பந்து எங்கே விழும் என்று திரும்பிப் பார்க்காமலே அவனுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு ஓடுவான், பந்தும் வரும். விடுதியில் இருவருக்கும் ஒரே அறை.

1955-இல் மாநில அணிக்கு அந்தக் கல்லூரியிலிருந்து ஒருவரை எடுக்கப்போவதாகப் பேச்சு. இந்த இருவரில் ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் நடந்த ஆட்டத்தில் மருதை ஓடினான், பந்து வரவில்லை. நின்று திரும்பினான். அப்போதுதான் வந்தது. கூடவே எதிரணி ஃபுல்பேக்கும் வந்தான். மருதையின் முழங்கால் போயிற்று. பிலோமின்ராஜ் சென்னைக்குப் போனான்.

போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தான். எதற்கு இவ்வளவு பழம் என்று மருதைக்குத் தோன்றியது. பிலோமின்ராஜ் கண் கலங்கினான். அதையும் மருதை நம்பவில்லை. வேண்டுமென்றே தாமதித்திருப்பானோ என்ற எண்ணம் அந்தக் கட்டிலில்தான் முளைத்தது.

மருதை பட்டம் வாங்கியதும், கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளர் ரங்கசாமி அவரை உதவிக்கு வைத்துக்கொண்டார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது, முன்வரிசைப் பையன்களைப் பழக்குவது எல்லாம் மருதையின் வேலை. ரெங்கம்மாளைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். பெண் பார்க்கப் போன அன்றே மாமனாரிடம், "கால் மட்டும் நல்லா இருந்திருந்தா இந்நேரம் மெட்ராஸ்ல ஆடிக்கிட்டிருப்பேங்க" என்று சொல்லியிருந்தார்.

ரங்கசாமி இறந்ததும் அந்த இடம் தனக்கு வரும் என்று எதிர்பார்த்தார். 1963-இல் வந்து உட்கார்ந்தது பிலோமின்ராஜ்.

"நீ இங்க இருக்கேன்னுதான் வந்தேன் மருதை" என்று கட்டிப்பிடித்தார் பிலோமின்ராஜ்.

"என்னை ஏன் தேடி வரணும்? ஏதோ இருக்கு" என்றார் மருதை வீட்டில்.

"இருந்தா தெரிஞ்சிடும். சாப்பிடுங்க" என்றாள் ரெங்கம்மாள்.

பிலோமின்ராஜ் டீ வாங்கிக் கொடுத்தால் மருதை காரணம் தேடினார். அவர் பிரின்சிபால் அறைக்குள் போனால், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று வராந்தாவில் நின்றார். முன்வரிசைப் பையன்களிடம் தனியாகச் சொன்னார்: "பந்து கண்ணுல படற வரைக்கும் ஓடாதீங்க. கொடுப்பான்னு நம்பி ஓடினா காலை உடைச்சுக்குவீங்க."

அந்த வருஷம் முன்வரிசை தயங்கித் தயங்கியே நின்றது. தஞ்சாவூர் அணியிடம் தோற்ற மாலை, எல்லோரும் போன பிறகு பிலோமின்ராஜ் கேட்டார்: "ஒருத்தனும் பந்துக்கு ஓட மாட்டேங்கறான். கேட்டா நீதான் ஓட வேணாம்னு சொன்னியாம். ஏன்?"

"அன்னிக்கு நீ வேணும்னுதானே நிறுத்தி அடிச்சே?"

பிலோமின்ராஜ் புல்லில் உட்கார்ந்தார். எந்த நாள் என்று கேட்கவில்லை.

"அன்னிக்குக் காலையிலயே முடிவாயிடுச்சு மருதை. ரங்கசாமி சார் கூப்பிட்டு, 'உன்னைத்தான் எடுத்திருக்காங்க, மேட்ச் முடியற வரைக்கும் மருதைகிட்ட மூச்சு விடாதே'ன்னார். உன் மூஞ்சியப் பாக்கவே முடியலை. பந்து கால்ல வந்தப்போ ஏதோ யோசனையில நின்னுட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, 'கால் போகலைன்னா என்னைத்தான் எடுத்திருப்பாங்க'ன்னு நீ சொன்னே. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றது?"

மருதை சைக்கிளை எடுத்தார். காவிரிப் பாலம் முழுக்க அதே யோசனை. இறந்துபோனவரைச் சாட்சிக்கு இழுப்பது சுலபம். ஆனால் பொய் சொல்ல நினைப்பவன் கால் வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ரெங்கம்மாளிடம் சொன்னார்.

"அவர் சொல்றது நெசமாவே இருக்கட்டும். உங்களுக்கு அதுல என்ன கஷ்டம்?" என்று கேட்டாள் அவள்.

என்ன கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். நிஜம் என்றால், கால் நன்றாக இருந்திருந்தாலும் அவர் சென்னைக்குப் போயிருக்க மாட்டார். சாப்பிடக் கை கழுவப் போனார்.

மறுநாள் பையன்களைக் கூப்பிட்டு, "நான் சொன்னதை மறந்துடுங்க. ஓடுங்க" என்றார். அடுத்த வருஷம் அணி கோப்பை வாங்கியது. கிறிஸ்துமஸுக்குப் பிலோமின்ராஜின் மனைவி அக்னஸ் கொடுத்தனுப்பும் கேக்கை மருதை வாங்கிக்கொள்வார். ஆனால் அவர்கள் வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை.

1968-இல் பிலோமின்ராஜ் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துக் கிளம்பினார். மருதை ஜங்ஷனுக்குப் போய்ப் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தார்.

"இப்பவாவது நம்பறியா?" என்று கேட்டார் பிலோமின்ராஜ்.

"வண்டி கிளம்பப் போகுது. ஏறு" என்றார் மருதை.