வள்ளத்துக்குப் போடும் முடிச்சு

குருநகரில் வலை இழுத்த கையால் ஐஸ் தொழிற்சாலை கட்டினேன், இரண்டு மாடி வீடு கட்டினேன், விமானத் தளத்தில் விமானங்களை வாடகைக்கு நிறுத்தக் கொட்டகையும் போட்டேன். படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும்தான்.

புயல் வந்த மாலை, அந்தக் கொட்டகைக்குள் அடங்காமல் வெளியே நின்ற, ஒரு கம்பனியின் சிறு விமானத்தை நானே கயிறு போட்டுக் கட்டினேன். அந்தக் கம்பனியில் விமானத்துக்குப் பொறுப்பான தயாபரன் வந்து பார்த்தார்.

"ஐயா, கயிறு தொய்யுது. இழுத்துக் கட்டுங்கோ."

"அலைக்கு எழும்ப இடம் விடாட்டில் வள்ளம் உடைஞ்சுபோம், தம்பி. கயிறு கட்ட எனக்கே படிப்பிக்கிறீரோ?"

சிரித்துவிட்டுப் போனார்.

விடியப் போனேன். தொய்ந்த கயிற்றில் காற்று உலுக்கி உலுக்கி, கயிறு அறுந்து விமானம் மல்லாந்து கிடந்தது.

"ஆர் கட்டினது?" என்று காப்புறுதிக்காரர் கேட்டார். அத்தனை பேர் முன்னால் நான் குனிந்து அறுந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

"நான்தான்" என்றார் தயாபரன்.

தயாபரனின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதி இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள். கம்பனியில் அவருடைய வேலையும் போனது. ஏன் அப்படிச் சொன்னீர் என்று பிறகு கேட்டேன்.

"பாத்திட்டும் விட்டது நான்தானே, ஐயா."

நான் கட்டிய எல்லாவற்றிலும் என் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறேன். காப்புறுதிக்காரருக்கு இப்போது சொல்கிறேன்: அந்த அறிக்கையிலும் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். அந்த முடிச்சு நான் போட்டது.