கதவு திறக்காமல் போன ரயில்

தனபாலன் இறந்துவிட்டான் என்று எனக்குச் சொன்னவர் மீன்காரர் மணியம். கெம்போங் மீனைச் சுத்தம் செய்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அண்ணே, ஒங்க கூட்டாளி போயிட்டாராம்லா. கோப்பெங் வாத்தியாரு. காலையில நெஞ்சு வலின்னாராம், ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சாம்" என்றார். அதற்குள் நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் இரங்கல் எழுதி முடித்திருப்பார்கள். நான் அந்தக் குழுவில் இல்லை. விலகினேனா, விலக்கப்பட்டேனா என்பதை அவனுக்கான இந்த நினைவு மலரில் வாதாடக் கூடாது. மீனை வாங்கிக்கொள்ளாமலே வந்துவிட்டேன்.

உங்களுக்கெல்லாம் அவர் 'அவர்'. எனக்கு அவன். அப்படியே எழுதுகிறேன், மலரின் ஆசிரியர் கைவைக்காமல் இருந்தால் நன்றி.

சுங்காய்க்கு உள்ளே இருந்த ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். பிறகு ஈப்போவில் ஒரே இடைநிலைப்பள்ளியில் வேலை பார்த்தோம். அவனுக்குப் புவியியல், எனக்கு வரலாறு. எது எங்கே இருக்கிறது என்று அவன் சொல்வான், அது யாருடைய தவறு என்று நான் சொல்வேன் என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவன் ஒன்று சொல்வான்: "இங்க பாத்தா ஒரு விரக்கட. நடந்து பாரு, நடுவுல ஒரு மலை நிக்கும்."

எங்கள் நடுவிலும் ஒரு மலை வந்து நின்றது. தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, சனம் பட்டணத்துக்குப் போய்விட்ட பிறகு, நாங்கள் படித்த பள்ளியைப் புதிய வீடமைப்புப் பகுதிக்கு மாற்றும் பேச்சு வந்தது. பள்ளி வாரியச் செயலாளராக இருந்த அவன் ஒத்துக்கொண்டான். இடத்தை விட்டால் நாம் அங்கே இருந்ததற்கு அடையாளமே இருக்காது என்று நான் எதிர்த்தேன். "அடையாளத்துக்குப் பாடம் நடத்த முடியாதுடா, புள்ளைங்க எங்க இருக்கோ அங்கதான் பள்ளிக்கூடம்" என்றான். அவன் செய்தது தவறு என்று இன்றும் சொல்வேன். அன்று அதோடு இன்னொன்றும் சொன்னேன்: "இனிமே என் வாசப்படி மிதிக்காத."

அடுத்த சில மாதங்களில் என் மனைவி சரோஜா இறந்தாள். தனபாலனை அண்ணன் என்று கூப்பிட்டு, அவன் வரும் நாளில் மீன் குழம்பில் மாங்காய் கூடுதலாகப் போடுகிறவள். அவன் வரவில்லை. நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம் வழக்கம். கோபத்தில் சொன்ன சொல் சாவு வீட்டில் செல்லாது. பள்ளி விஷயத்தையாவது ஒருநாள் விட்டிருப்பேன். இதை விடுவதாக இல்லை. ஆண்டுக்கணக்கில், அவன் எதிரே வந்தால் சாலையைக் கடந்துவிடுவேன்.

பிறகு என் மகள், நான் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேன் என்று, சங்கத்தின் ஜப்பான் சுற்றுலாவில் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஏற்பாடு செய்தவன் தனபாலன் என்பது விமான நிலையத்தில்தான் தெரிந்தது. வேகரயிலில் போனதோடு ஊர் திரும்பியிருக்கலாம். அவன் விடவில்லை. வடக்கே மலைகளுக்குள் ஒரு ஒற்றைத் தடம் போகிறது, ஆளே ஏறாத தடம், அதைப் பார்க்காமல் போனால் ஜப்பானைப் பார்த்ததாகாது என்று எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனான்.

ஒரே ஒரு பெட்டி, டீசலில் ஓடுவது. ஓட்டுநர் ஒருவர்தான், பயணிகளிடம் டிக்கெட்டை வாங்கிக்கொள்கிறவரும் அவரே. ஒரே ஆற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடந்து கடந்து, குகைக்குள் நுழைந்து, அறுவடை முடிந்த வயல்களின் ஓரமாக அது ஏறியது. வீடுகளின் பின்புறத்தில் இலை உதிர்ந்த மரங்கள், அவற்றில் பழம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களோடு வந்த சித்தியவான் கேசவன் அண்ணன் பெருமூச்சு விட்டார். "சண்டக் காலத்துல எங்க தாத்தாவ சயாம் ரயில் போடப் புடிச்சிட்டுப் போனவன் ஊரு. அவன் ரயில்ல நான் காசு குடுத்து ஏறுறேன் பாரு."

தனபாலன் எழுந்து, "அண்ணே, அதனாலதான் ஜன்னல் ஓரம் ஒங்களுக்கு. நல்லா சாஞ்சு ஒக்காருங்க. ஒங்க தாத்தாவுக்கும் சேத்து" என்று தன் இடத்தைக் கொடுத்தான். கேசவன் அண்ணன் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மலை நிலையத்தில், எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ரயில் நின்றது. எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள், ஏறிக்கொண்டார்கள். கடைசியாக வந்தது நாங்கள் இருவரும். தள்ளித் தள்ளி நின்றதால் வந்த தாமதம். குளிர் உள்ளே போகாமலிருக்கக் கதவு மூடியிருந்தது. அங்கே கதவு தானாகத் திறக்காது. பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும், ஏறுகிறவர் அதை அழுத்த வேண்டும். காலையில் ஒரு பள்ளிச் சிறுமி அழுத்தியதை நான் பார்த்திருந்தேன். ஆனால் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றது தனபாலன். அவனிடம் சொன்னால் பேசியதாகிவிடும். நான் மலையைப் பார்த்தேன். அவனும் மலையைப் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்ற எங்களை, வழியனுப்ப நிற்கிற பெரியவர்கள் என்று ஓட்டுநர் நினைத்திருக்க வேண்டும். தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். கேசவன் அண்ணன் கண்ணாடியில் தட்டிக்கொண்டே போனது மட்டும் தெரிந்தது.

சற்று நேரத்தில் சுற்றுலாவின் வழிகாட்டிப் பெண் ரயிலிலிருந்து தனபாலனைப் போனில் கூப்பிட்டாள். அடுத்த ரயில் மாலையில்தான். அவர்கள் கடைசி நிலையத்தில் காத்திருப்பார்கள். ஆளில்லாத நிலையம். ஒரு சின்ன அறை, ஒரு பெஞ்சு. யாரோ ஊர்க்காரர்கள் தைத்துப் போட்ட பூப்போட்ட மெத்தைகள். ஒரு முனையில் அவன், மறுமுனையில் நான். வெகுநேரம் கழித்துப் பையிலிருந்து புந்தோங்கில் வறுத்த கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, பெஞ்சின் நடுவில் வைத்தான். கடலையின் மசாலா வாசனை அந்தக் குளிரில் எங்கள் ஊரையே கொண்டு வந்தது. நான் தொடவில்லை.

"ஒனக்கு அந்தப் பொத்தான் தெரியாதா?" என்றான், எதிரே இருந்த மலையிடம் கேட்பதுபோல.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா சும்மா நின்ன?"

"நீதானே பக்கத்துல நின்ன. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்லா. நீ வாயத் தொறந்து சொல்லுவேன்னு பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவன் ஒரு கடலையை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"சரோ போன அன்னைக்கு நான் வந்தேன் மச்சான்."

"எங்க வந்த?"

"ஒன் வீட்டு எதுத்த கோப்பிக்கடையில ஒக்காந்திருந்தேன். காலையிலேர்ந்து, வண்டி கெளம்புற வரைக்கும். வாசப்படி மிதிக்காதன்னு சொன்னல்ல."

"சாவு வீட்டுக்கு யாருடா கூப்புடுவா?"

"கூப்புட வேணாம். நடுவுல ஒருக்கா நீ கேட் கிட்ட வந்து ரோட்டப் பாத்த. என்னத்தான் பாக்குறேன்னு எந்திரிச்சு நின்னேன். நீ திரும்பி உள்ள போயிட்ட."

அன்று நான் வெளியே வந்தது எனக்கு நினைவிருக்கிறது. கூட்டமும் கொட்டகை நிழலும் மறைத்ததில் எதிர்ச்சாரியில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை.

"பின்ன வேற யாரப் பாக்க வந்தேன்னு நெனச்ச?" என்றேன்.

அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். நான் பொட்டலத்தில் கையை விட்டேன். இருட்டுவதற்குள் அதைக் காலி செய்துவிட்டு, பள்ளி விஷயத்தில் மறுபடியும் சத்தமாகச் சண்டை போட்டோம். அந்த மலைகளில் தோட்டத் தமிழில் திட்டிக்கொண்ட முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

ரயில் வந்தது. கதவு மூடியே இருந்தது. அவன் ஓரடி பின்வாங்கி, என் முதுகில் கையை வைத்தான்.

"அமுக்குலா, மச்சான்."

அமுக்கினேன்.

அதற்குப் பிறகு கிடைத்த ஆண்டுகளில் அவன் வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்தான். அழைப்புமணியில் விரலை வைத்தபடி, "அமுக்கட்டுமா?" என்று தெருவே கேட்கக் கத்துவான். என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "சரோ கொழம்புக்கு இது தூரத்துச் சொந்தம்" என்பான். மிச்சம் வைத்ததில்லை.

அவன் போன அன்று கோப்பெங்குக்கு வண்டியை எடுத்தேன். யாரும் அழைக்கவில்லை, அழைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அவன் வீட்டு எதிரே நிறுத்திய பிறகு இறங்க முடியவில்லை. கொட்டகையில் முன்வரிசையில் நம் சங்கத்தார் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். வாட்ஸ்அப் குழுச் சண்டையில், அவர் இருக்கும் இடத்தில் உட்காரமாட்டேன் என்று அவரிடமே சொன்னவன் நான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். எதிர்ச்சாரியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தனபாலனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இரண்டு: முதுகில் அந்தக் கையின் சூடு, காதில் அந்தச் சொல். அந்தக் கை மறுபடியும் என்னைத் தள்ளியது. இறங்கிச் சாலையைக் கடந்தேன். கொட்டகையில் தலைவர் எழுந்து நின்றார். என்னைப் பார்த்துத்தான் எழுந்தாரா, வேறு எதற்காகவாவது எழுந்தாரா என்று யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே போய், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.