ஏழுமலை மாடிக் குருவிகள்

ஏழுமலை போன செய்தி வந்தபோது நான் மொட்டை மாடியில் காக்கைகளுக்குப் பழைய சோறு வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மாடியிலிருந்து அவர் மகன் குமார், "பெரிப்பா, அப்பா பூட்டாரு" என்று கத்தினான். என் கண் முதலில் போனது அவன் முகத்துக்கு அல்ல. அவனுக்குப் பின்னால் தொங்கிய கூண்டுக்கு. உள்ளே குருவிகள் தின்றுகொண்டிருந்தன. அன்றைக்கும் ஒன்றுகூட என் பக்கம் வரவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். துறைமுகத்தில் எங்களோடு மூட்டை தூக்கியவர்களும், எங்கள் எம்.கே.பி. நகர்த் தெருக்காரர்களுமாக நீங்கள் எல்லோரும் ஏழுமலையை நல்ல மனிதர் என்று பேசுகிறீர்கள். நல்லவர்தான். ஆனால் நடுவில் இடுப்பளவுச் சுவரை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் குடியிருந்தவன் நான்.

இருவரும் ஒரே காலத்தில்தான் பறவைகளுக்குத் தானியம் வைக்கத் தொடங்கினோம். இருவர் தட்டையும் புறாக்கள் காலி செய்தன. ஏழுமலை பழைய மேசை மின்விசிறியின் கம்பிக்கூண்டைக் கொண்டுவந்தார். ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியை நறுக்கினார். உள்ளே தினைக் கிண்ணத்தை வைத்துத் தொங்கவிட்டார். குருவி நுழைந்தது, புறா வெளியே நின்றது. "பெருசுங்களுக்கு ஊரே சோறு போடுது மாமு. சின்னது எங்க போவும்?" என்பார்.

நானும் ஒரு விசிறிக்கூண்டை வாங்கி நறுக்கித் தொங்கவிட்டேன். ஒரு குருவி வந்தது, தலையை விட்டது, பறந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தார்.

"அறுத்தா மட்டும் போதுமா? முனைய வளைச்சி வுடு மாமு. நெஞ்சுல கீறிக்கினா அது திரும்ப வருமா?"

வளைத்துவிட்டேன். அப்புறமும் வரவில்லை. அவர் வாங்கும் தினையைத்தான் நானும் வாங்கினேன், அதே கடையில்.

காக்கைகள் அவர் கூண்டின்மேல் உட்கார்ந்து உலுக்கிப் பார்த்தன. கிழிந்த குடையின் கறுப்புத் துணியைச் செத்த காக்கை போல முடிந்து, பக்கத்தில் கட்டினார். காக்கைக் கூட்டம் ஊரைக் கூட்டிக் கத்திவிட்டு, சுவர் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்தது. "ஒன்னாண்டயும் கூட்டம் கீதே மாமு, இன்னா கொறச்சல்?" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வேண்டாமென்று துரத்தியது எனக்கு வந்தது. அதற்குத் தினமும் அலுமினியத் தட்டைத் தட்டிக் கூப்பிட்டுச் சோறு வைத்தேன்.

மூலக்கொத்தளத்தில் அடக்கம் முடிந்து, காரியத்தன்று அவர் மாடியில் இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்தார்கள். ஒரு காக்கையும் இறங்கவில்லை. அவருக்குப் பிடித்த வடையை வைத்தார்கள், மீன் குழம்பை வைத்தார்கள். வெயில் ஏறியது. அவர் மனைவி சரோஜா இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "இன்னா கொறயோட பூட்டாரோ தெரிலயே! நான் இன்னா பண்ணேன்?"

கூடியிருந்த யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. குடைத்துணி அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

"குமாரு, அத்த அவுருடா."

"அப்பா கட்டினது, பெரிப்பா."

"அதனாலதாண்டா சொல்றேன். அவுரு!"

அவிழ்த்தான். நான் என் தட்டை எடுத்துவந்து சுவரோரம் நின்று தட்டிக் கூப்பிட்டேன். என் காக்கைகள் வந்தன. சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்த்தன, இலையைப் பார்த்தன. பிறகு இறங்கித் தின்றன. சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க கொரலுக்குதாண்ணா வந்துச்சி" என்றாள். ஏழுமலை இருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும்.

கூண்டை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். நான் வாங்கவில்லை. இடம் மாற்றினால் குருவிகள் எங்கே போகும்? துணியை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். அவர் சாப்பாட்டை வந்து தின்ற காக்கைகளை அதைக் கட்டித் துரத்த இனி யாருக்கும் மனம் வராது.

இப்போது விடிந்ததும் முதலில் என் தட்டைத் தட்டிவிடுகிறேன். காக்கைகளும் புறாக்களும் என் சோற்றில் மூழ்கியிருக்கும் நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் குருவிகள் நிம்மதியாகத் தின்கின்றன. சரோஜா தினை நிரப்புகிறாள். குடைத்துணி என் பெட்டியில் இருக்கிறது. அதன் வேலையை நான் பார்க்கிறேன்.

நேற்று ஒரு குருவி சுவர்மேல் வந்து உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தது. திரும்பி ஏழுமலை கூண்டுக்கே போய்விட்டது.