அனுகரணம் என்று எழுதிவிட்டேன்

படக்கதைப் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுவதை ஒரு வேலை என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அதில் தப்புப் பண்ணினால் மட்டும், அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று ஆளாளுக்கு எடுத்துச் சொல்வார்கள்.

நான் பதினோரு வருஷம் எழுதினேன். பிறந்து வளர்ந்தது திருநெல்வேலி. ஒண்ணாம் கிளாசிலிருந்து படித்ததெல்லாம் தமிழில். கல்யாணமாகித் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துக்கு வந்தேன். பகலில் பாளையத்தில் ஒரு ஆபீசில் கிளார்க். மிச்ச நேரத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு காமிக்ஸ் மாதப் பத்திரிகைக்குப் புதுப் புத்தக விமர்சனம். தொண்ணூறுகளின் கடைசி அது. அடுத்தவர் உழைப்பைப் பற்றி நாலு வரி எழுதி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

பஸ்ஸில் படித்தது

வீட்டில் படிக்க நேரம் கிடையாது, ஆபீசில் படித்தால் சூப்பரின்டென்ட் முறைப்பார். அதனால் கிழக்கே கோட்டையில் பஸ் ஏறியதும் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துவிடுவேன். பென்சிலும் கையில் இருக்கும். எந்தக் கட்டத்தில் கண் தடுக்கி நிற்கிறது, எந்தப் பலூனில் வசனம் வழிகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போவேன். எனக்கு அது ஒரு நிஷ்டை மாதிரி. யாராவது எட்டிப் பார்த்தால் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

எங்கள் தெரு மாமி ஒருத்தி தினமும் அதே பஸ்ஸில் வருவாள். என் பையன் அப்போது இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். அது அவளுக்கும் தெரியும். ஒரு நாள் முழு பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "கொழந்தைக்கு வாங்கினதா? அவன் கையில போய்ச் சேர்றதுக்குள்ள நீயே முடிச்சுடுவே போலிருக்கேடி!"

நாகர்கோவிலிலிருந்து ஒரு கடிதம்

வெளிநாட்டுக் கதை ஒன்றைத் தமிழ்நாட்டுக்கு மாற்றி வரைந்திருந்தார்கள். பனி பெய்யவேண்டிய இடத்தில் புழுதி பறந்தது. மூலத்தைக் குட்டிச்சுவராக்கிவிட்டார்கள் என்று வெளுத்து வாங்கினேன். மூலத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அந்தத் திமிரை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது.

அடுத்த மாதம் பத்திரிகை மூலமாக ஒரு போஸ்ட் கார்டு வந்தது. எழுதியவர் நாகர்கோவில் வாசகர், ரிட்டயர்டு தபால்காரர். திட்டு ஒன்றும் இல்லை. புழுதிப் படங்கள் தனக்கு ஏன் பிடித்தன என்று ஐந்து வரி. அதற்கப்புறம் ஒரே ஒரு கேள்வி. அன்றிலிருந்து, மூலம் படிக்காமல் எந்தத் தழுவலைப் பற்றியும் பேனாவைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். அவர் கேட்டது இதுதான்: "அம்மா, நீங்கள் போகாத ஊருக்கு இது வழியில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

முகம்

ஒரு மலையாள வாரப் பத்திரிகையில் சசிதரன் என்று உதவி ஆசிரியர். தமிழும் படிப்பார். என் விமர்சனங்களைப் பார்த்துவிட்டு, மலையாளத்தில் புதிதாக வந்த ஒரு சித்திரக்கதையைக் கொடுத்து, "சேச்சியே மலையாளத்தில் எழுதித் தரணும்" என்றார். பேச்சு மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துதான் தகராறு. பஸ் போர்டு பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள் நான். இருந்தாலும் சரி என்று தலையை ஆட்டினேன், ஏனென்றால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அதற்குள் பார்த்துவிட்டேன்.

வரைந்தவன் பெயர் செல்வராஜ். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிவிட்ட லயத்து வீட்டில் பிறந்த தமிழ்ப் பையன். பையன் என்றால் முப்பது வயது. சாலை பஜாரில் கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தான். காலமாகிவிட்ட ஒரு மலையாள எழுத்தாளரின் சின்ன நாவலை, அவர் மனைவியிடம் அனுமதி வாங்கிப் படக்கதையாக்கியிருந்தான். பெயர் சொல்லாத ஒரு மலைத்தோட்டத்தில் வேலை பார்க்கும் கம்பவுண்டரின் கதை. சபதப்படி நாவலை முதலில் படித்தேன். நூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் டிஸ்பென்சரியை மூடிவிடுகிறார்கள், கம்பவுண்டர் மலையிறங்குகிறார், திரும்பிப் பார்க்கிறார். இரண்டு பக்கத்துக்கு அவர் மனசு.

செல்வராஜின் கடைசிப் பக்கத்தில் கம்பவுண்டரே இல்லை. ஒரே படம், வசனம் கிடையாது. மூடின கதவின் முன்னால் கொழுந்து பறிக்கிற பெண்கள் பதினாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். பதினாலு முகமும் வேறு வேறு. நாவலில் அவர்கள் கூடை வருகிறது, இருமல் வருகிறது, ஒருத்திக்கும் முகம் கிடையாது. விமர்சனம் எழுதுவதற்கு முன்னால் ஒரு நாள் அவனைப் பார்த்தபோது அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். எழுத்தாளருடைய இன்னொரு நாவலுக்கும் அவர் மனைவி அனுமதி தந்துவிட்டதாகவும், பதிப்பகம் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும், இனி போர்டு எழுதவேண்டியிருக்காது என்றும் சொன்னான். அப்புறம் படத்தில் வரிசையின் நடுவைக் காட்டினான்: "இது எங்கம்மாங்க அக்கா. அவங்க படம்னு எங்க வீட்ல இது ஒண்ணுதான் இருக்கு."

அந்த ஒரு வார்த்தை

இனி வருவதுதான் என் பாவக்கதை. தழுவல் என்பதற்கு மலையாளத்தில் என்ன? ரேடியோவில் அடிக்கடி சொல்வார்களே, 'அனு' என்று ஆரம்பிக்குமே என்று யோசித்தேன். பக்கத்து சீட்டில் கேட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை. 'அனு' என்றால் பின்பற்றி, 'கரணம்' என்றால் செய்வது. புக்ககத்தில் காதில் விழுந்த சமஸ்கிருதத்தை வைத்து நானே கூட்டிக் கழித்து, அனுகரணம் என்று முடிவு கட்டினேன். விமர்சனம் முழுக்க ஒன்பது இடத்தில் எழுதினேன். "மனோகரமான அனுகரணம். இத்தனை நல்ல அனுகரணம் மலையாளத்தில் இதுவரை வந்ததில்லை" என்று முடித்தேன்.

நான் தேடிய வார்த்தை அனுகல்பனம். அனுகரணம் என்றால் அங்கே காப்பியடிப்பது, மேடையில் அடுத்தவர் குரலில் பேசிக் காட்டுவது. இது எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? பத்திரிகை வெளிவந்த அன்றைக்கே சசிதரன் ஆபீசுக்கு போன் பண்ணினார். 'மனோகரமான அனுகரணம்' என்பதையே தலைப்பாகப் போட்டிருந்தார். அனுகல்பனத்தை வேண்டுமென்றே அனுகரணம் ஆக்கிக் கேலி செய்தேனாம். குரலில் அவ்வளவு சந்தோஷம்: "சேச்சி, பரிகாசம் கலக்கியாச்சு கேட்டோ. தடவிக் கொடுத்துக்கிட்டே இப்படிக் குத்த எனக்கு வராது!"

செல்வராஜ் வந்தான்

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்படியே சசிதரனிடம் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த இதழில் திருத்தம் போட்டார், கடைசிப் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, இரண்டு வரி. ராசிபலன் படித்தவர்கள்கூட அதைப் படித்திருக்கமாட்டார்கள்.

மறுவாரம் மத்தியான இடைவேளையில் செல்வராஜ் ஆபீஸ் வாசலில் நின்றான். விரலெல்லாம் பெயின்ட். எழுத்தாளரின் மனைவிக்கு யாரோ விமர்சனத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். என் புருஷனை ஒருத்தன் காப்பியடிக்க நானே கையெழுத்துப் போட்டேனா என்று, இரண்டாவது நாவலுக்கான அனுமதியை அந்த அம்மாள் திருப்பி வாங்கிவிட்டாள். பதிப்பகம் கையை விரித்துவிட்டது. வரைந்து முடித்த இருபது பக்கம் வீட்டில் கிடக்கிறது.

நான் பிழை என்றேன், வார்த்தை தெரியாமல் போயிற்று என்றேன், மன்னித்துக்கொள் என்றேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை. அறைந்திருந்தாலாவது தேவலாம் என்று இருந்தது எனக்கு. போகும்போது படியில் நின்று சொன்னான்: "காப்பியடிச்சான்னு எழுதியிருந்தா வந்து சண்டை போட்டிருப்பேங்க அக்கா. நல்லா காப்பியடிச்சான்னு எழுதிட்டீங்களே, அதுக்கு நான் என்னான்னு சண்டை போடுறது?"

டீச்சர் வீட்டில்

அந்த அம்மாள் சரசம்மா டீச்சர். பேரூர்க்கடையில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, நாவலையும் படக்கதையையும் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் துணைக்கு வருகிறேன் என்றார். என் வாயால் வந்த வினை, நானே போகிறேன் என்றேன். டீச்சர் மலையாளத்தில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன். முதலில் இரண்டு வார்த்தையையும் காகிதத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தத் தப்பை என் நாலாம் கிளாஸ் பிள்ளைகள்கூடச் செய்யாது" என்றார். சரிதான், வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

படக்கதையை அவர் அதுவரை திறக்கவே இல்லை. கணவர் இல்லாமல் அட்டையில் அவர் பெயரை மட்டும் பார்க்கத் தாங்கவில்லையாம். நான்தான் கடைசிப் பக்கத்தைப் பிரித்து முன்னால் வைத்தேன். டீச்சர் முகம் மாறிவிட்டது. "கம்பவுண்டர் எங்கே?" என்றார். இல்லை என்றேன். "அந்தக் கம்பவுண்டர் என் புருஷன். எழுத வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் மலையில் அந்த வேலைதான். அவருடைய கதையிலிருந்து அவரையே எடுக்க இவனுக்கு யார் உரிமை கொடுத்தது?" காரியத்தைக் கெடுக்கவே வந்தேனோ என்று தோன்றியது. ஆனாலும் மனசில் பட்டதைச் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து பார்த்ததை எழுதினார், செல்வராஜின் அம்மா வெளியே வரிசையில் நின்றாள், அவன் அங்கேயிருந்து வரைந்தான், அவ்வளவுதான் டீச்சர் என்றேன்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். பதினாலுக்கும் நேரம் எடுத்துக்கொண்டார். "காப்பியடித்திருந்தால் அவர் இதில் இருந்திருப்பார்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "எனக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை, அதையும் அவனிடம் சொல்லிவிடு" என்றார். பிறகு உள்ளே போய்ப் பேனா எடுத்துவந்து அனுமதிக் கடிதத்தை எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எட்டு வருஷம் தினமும் இப்படித்தான் நின்றார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருத்தி பெயரைக்கூட நான் கேட்டதில்லை."

ஒரு வேண்டுகோள்

கடிதத்தைச் சாலை பஜாரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்வராஜ் ஏணியில் நின்று ஒரு பாத்திரக்கடைக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தான். இறங்கி வந்து, கையைத் துணியில் துடைத்துவிட்டு, இரண்டு தடவை படித்தான். கண் கலங்கியது. எனக்கும்தான், மறைக்க என்ன இருக்கிறது? டீச்சருக்கு முடிவு பிடிக்கவில்லை என்பதையும் சொன்னேன். "பிடிக்காதுங்க அக்கா, அவங்க வீட்டுக்காரராச்சே" என்றான்.

டீ வாங்கித் தந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன், நானும் பெருந்தன்மையாக மறுக்கத் தயாராகத்தான் இருந்தேன். அவன் ரொம்ப மரியாதையாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒரே ஒரு உதவிங்க அக்கா. ரெண்டாவது புஸ்தகம் வந்தா, அதுக்கு நீங்க மட்டும் விமர்சனம் எழுதிராதீங்க."

இரண்டாவது புத்தகம் வந்து ரொம்ப வருஷமாகிவிட்டது, அது முதலாவதைவிட நன்றாயிருக்கிறது என்பதை இன்றுவரை நான் யாரிடமும் எந்த பாஷையிலும் சொல்லவில்லை.