குளிராத பட்டறை

மம்பாவில் என் வீட்டுப் பின்பக்கப் புல்லின் மேல், சிலிப்பர் நுனியால் கோடு கிழித்துக்கொண்டே நடந்தார் சூப்பர்வைசர் அக்கா. வேலியில் முட்டிய பிறகுதான் நின்றார். “இது வரைக்கும் வேணும்,” என்றார். நான் மனத்துக்குள் நினைத்திருந்த அறை அதில் பாதிகூட இருக்காது.

செண்டாயான் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் அவர் எனக்குச் சூப்பர்வைசர். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர்தான் என் வாயில் நிலைத்துவிட்டது. அக்கா கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவர். தம்முடைய பெட்டி கெட்டபோது தாமே திறந்து பார்த்துச் சரிசெய்தார். பிறகு அக்கம்பக்கத்துக் கோயில் பெட்டிகளும் அவரைத் தேடி வந்தன. அவர் இருந்தது அடுக்குமாடி வீடு. கழற்றிய கட்டைகளைக் கட்டிலின் மேல் பரப்பி வைத்துவிட்டுத் தரையில் படுப்பார். என் வீட்டுக்குப் பின்னால் இடமிருந்தது. துருத்திக்குத் துணியும் தோலும் வெட்டி ஒட்ட என் கைக்கும் வரும். சேர்ந்து ஒரு பட்டறை போடலாம் என்று முடிவெடுத்தோம்.

கட்ட வந்த தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “உங்க காசுக்கு ரெண்டும் முடியாதுக்கா. பெருசா வேணும்னா தகரக் கூரை, கம்பிச் சன்னல், அவ்வளவுதான். ஏர்கோன் போடணும்னா ரூம்பு சின்னதாதான் வரும்.”

எனக்கு ஏர்கோன் வேண்டும். தகரத்தின் கீழ் அரை மணி நேரம் இருந்தாலே எனக்குத் தலை இடிக்கும். மரத்துக்கும் பசைக்கும் ஈரம் ஆகாது என்ற நியாயமும் என் பக்கம் இருந்தது. அக்கா கையை நீட்டிக் காட்டினார். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. “வேலைக்குப் போன நாளெல்லாம் பேக்டரி ஏர்கோன் குளுருல சுவெட்டர் போட்டுக்கிட்டு நின்னேன். இன்னும் குளுரு வேணாம் லா. ரந்தாவ் எஸ்டேட்டுல ஒரே ரூம்புல எல்லாரும் ஒருக்களிச்சுப் படுத்து வளந்தவ நான். எனக்குக் கைய வீசி வேலை செய்யணும்.” அந்த விரல்களைப் பார்த்த பிறகு எனக்கு வாதாட மனம் வரவில்லை. பெரிதாகவே கட்டினோம்.

முதல் சில மாதங்கள் அக்காவைப் பார்க்கவே நன்றாக இருந்தது. நீண்ட மேசையின் ஒரு முனையில் கட்டைகள், மறு முனையில் துருத்தி; இடையில் அவர் நடப்பார், பாடுவார், திரும்பி நடப்பார். நான் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து வியர்த்தேன். அது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. ரந்தாவ் எஸ்டேட் கோயில் ஆர்மோனியம், திருவிழாவுக்குள் பழுதுபார்க்க எங்களிடம் வந்திருந்தது. அக்கா பிறந்து வளர்ந்த எஸ்டேட் அது. சனங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டாலும் திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பி வருவார்கள். வாரம் முழுக்க விடாத மழை. பட்டறைச் சுவரைத் தொட்டால் கை ஈரமானது. பசை காய்ந்துவிட்டதென்று நம்பிக் கொண்டுபோனோம்.

இரண்டாவது பாட்டில் அக்கா ஒரு கட்டையிலிருந்து விரலை எடுத்தார், சத்தம் நிற்கவில்லை. கட்டை ஊறி உள்ளேயே சிக்கிக்கொண்டது. பாட்டு வேறு சுரத்துக்குப் போக, அந்த ஒற்றைச் சுரம் பிடிவாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்து துருத்தியின் ஓரம் பிரிந்து காற்று போயிற்று. அக்கா பெட்டியை மெல்ல மூடித் தள்ளி வைத்தார். பக்கத்திலிருந்தவரிடம் தாளத்தை வாங்கித் தட்டிக்கொண்டே மீதிப் பாட்டுகளைப் பாடி முடித்தார். யாரும் குறை சொல்லவில்லை. கோயில் தலைவர் மட்டும் பெட்டியை எடுத்துக் காரில் வைக்கும்போது, “பரவால்லம்மா, பழசுதானே,” என்றார். அதுதான் அக்காவுக்குச் சுட்டது.

வீடு திரும்பும் வழியில், மம்பாவ் விளக்குச் சந்திப்பில் நின்றபோது, “நாளைக்கு அந்தத் தம்பிய வரச் சொல்லு,” என்றார்.

பட்டறை முழுவதற்கும் ஏர்கோன் கேட்பார் என்று நினைத்தேன்; உள்ளூர எனக்குச் சந்தோஷமும்தான். தம்பியிடம் அவர் கேட்டது வேறு. ஒரு மூலையைப் பலகையால் அடைத்து, கூரைக்குக் கீழ் சூடு தடுக்கும் பஞ்சு அட்டை வைத்து, இடுக்கெல்லாம் பூசி, உள்ளே ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று. “குளுரு யாருக்கும் வேணாம். பெட்டி காஞ்ச எடத்துல இருந்தா போதும். நாம வெளியவே இருக்கலாம்.” பிறகு என்னைப் பார்த்தார். “ஒனக்கு இன்னொரு காத்தாடி போட்டுரலாம்.”

மூலை அறை முடிந்து மெஷினை ஓடவிட்ட மறுநாள் காலையில் அதன் தொட்டி நிரம்பியிருந்தது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். “இவ்வளவு தண்ணியும் பாட்டுக்குள்ளதான் இருந்துச்சு, பாத்தியா,” என்றார்.

கோயில் பெட்டியை மறுபடி பிரித்து ஒட்டி அந்த அறைக்குள் வைத்தோம். அடுத்த திருவிழாவுக்கும் மழை கொட்டியது. அக்கா கட்டையை அழுத்தினார், பேசியது. விரலை எடுத்தார், அடங்கியது. கோயில் தலைவர் வடை, பாயசத்தோடு எங்களுக்குத் தனியாக இலை போட்டார்.

தொழிற்சாலையில் எத்தனையோ வருடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். தூசி படக்கூடாதென்று முகமூடி, தலைக்குத் துணி, பேச்சு கூடாது. அக்கா பாடுவார் என்பதே அன்று எனக்குத் தெரியாது. இப்போது தகரத்தில் மழை இரைந்தால் அவர் குரலை இன்னும் உயர்த்துகிறார். நான் இரண்டு மின்விசிறிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து தோல் வெட்டிக்கொண்டே கூடப் பாடுகிறேன். சுருதி விலகினால் அவர் மேசையின் மறுமுனையிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டைத் தொடர்வார்.