குவாரித் தண்ணீரில் போட்ட சோடா உப்பு

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் குடியிருப்பில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர். கூட்டிக் கழுவுவது நான். பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்ததும் குளத்தைத் திறப்பார்கள். அதற்குப் பத்து நாள் முன்பே எங்களுக்கு வேலை தொடங்கிவிடும். பாசியைத் தேய்த்துவிட்டு, ஏரித் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து நிரப்புவோம். அது செம்மண் கலங்கலாக இருக்கும். படிகாரம் போட்டால் மண் அடியில் இறங்கும், ஆனால் தண்ணீரில் புளிப்பு ஏறிவிடும். அதை முறிக்கச் சோடா உப்பு. கடைசியில் ப்ளீச்சிங் பவுடர். இந்த வரிசை எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

அவர் மட்டும் உப்புக்கு முன்னால் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மொண்டு, துளி மருந்து விட்டு, வெயிலில் தூக்கிப் பார்ப்பார். மஞ்சளாக இருந்தால் உப்பு வேண்டும். ரோஜா நிறமானால் உப்பைத் தொடவே கூடாது, ஆசிட்தான். வருசா வருசம் மஞ்சள்தான் வந்தது. எதற்கு இந்தச் சடங்கு என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வருசம் மழை இல்லை. ஏரி வெடித்துக் கிடந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டின பழைய குவாரிப் பள்ளத்துத் தண்ணீரை அடித்து நிரப்பினார்கள். அந்த நேரம் பார்த்து அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்து படுத்துவிட்டார். குளத்தை வெளி ஆளுக்குக் காண்ட்ராக்ட் விடலாம் என்று ஆபீசில் பேச்சு வேறு. சொன்ன நாளில் திறந்தால்தான் அவர் வேலையும் நாங்கள் இருந்த வீடும் தங்கும்.

"நான் பாத்துக்கிறேன், நீங்க படுங்க" என்றேன்.

"துளி மருந்து விட்டுப் பாத்துட்டு உப்பைப் போடு புள்ள. இது ஏரித் தண்ணி இல்ல."

"இத்தினி வருசம் கூட நின்னவளுக்குத் தெரியாதா?"

தண்ணீர் தரை தெரியத் தெளிந்து கிடந்தது. படிகார வேலையே மிச்சம் என்று சந்தோசப்பட்டேன். படிகாரம் போடாத தண்ணீரில் புளிப்பு எங்கிருந்து வரும் என்று யோசிக்கவில்லை. குழாயை எடுக்காமலே, வழக்கமான அளவு உப்பைக் கரைத்து ஊற்றினேன். தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் ஓட ஓடக் குளம் வெளுத்தது. கல்லிலிருந்து ஊறிய சுண்ணாம்பெல்லாம் திரண்டு, அரிசி களைந்த தண்ணீர் போல ஆகி, முதல் படிக்கட்டுகூட மறைந்துவிட்டது.

"என்னக்கா, பால் பண்ணை வச்சிட்டீங்களா?" என்றான் வாட்ச்மேன். நானும் சிரித்துவைத்தேன்.

சேதி கேட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். குழாயில் துளி விட்டார். அடர்ந்த ரோஜா நிறம். குழாயைக் கழுவி வைத்தார். ஆசிட்டை வாளியில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக அவரே ஊற்றினார், என்னைக் கிட்ட விடவில்லை. அந்த நெடியில் இருமல் நிற்கவே இல்லை. "மோட்டாரை நிறுத்து. அடங்கட்டும்" என்று ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். திறக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் துண்டோடு வந்து திரும்பிப் போனார்கள்.

ஆலை அதிகாரி வந்து, "யாரு போட்டது?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள், "நான்தான் சார் போடச் சொன்னேன். சொன்னதச் செஞ்சா" என்றார் இவர்.

எனக்குத் தெரியவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"உங்களுக்கும் முடியல பெரியவரே, இனிமே ஓய்வா இருங்க" என்றார் அதிகாரி.

வீட்டைக் காலி செய்து வேப்பந்தட்டைப் பக்கம் என் ஊருக்குக் கிளம்பிய அன்று, குளத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் இவர். புது ஆட்கள் திறந்திருந்தார்கள், பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார்.

"ப்ளீச்சிங் தூக்கல். புள்ளைங்களுக்குக் கண்ணு எரியும்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

குழாயில் பார்க்காமலே போட்டேன் என்று இப்போதாவது சொல்லிவிட வாயெடுத்தேன்.

"வண்டி நிக்குது, எந்திரிங்க" என்றேன்.

அடுத்த மழை வரைக்கும் அவர் உயிரோடு இருந்தார். சொல்வதற்கு எனக்கு அத்தனை நாள் இருந்தது.